கிராஸ்ஓவருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ஒரத்தநாடு, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்யச் சொல்லித் தருகிறேன். கனத்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், கீச்சொலிக்கு ஓர் அங்குல ட்வீட்டர், 18 மி.மீ. ப்ளைவுட், உள்ளே அடைக்க இலவம்பஞ்சு. பதினாறு பக்கக் கையேடு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வூஃபர், ட்வீட்டர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன், கடையில் கேட்டு வாங்க வேண்டுமே. வூஃபருக்கு உரியதை வூஃபருக்கும் ட்வீட்டருக்கு உரியதை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவருக்குத் தமிழில் என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

போன முறை ஒரு பையன் கிராஸ்ஓவர் இல்லாமல் ட்வீட்டரை நேரே ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துவிட்டான். இரண்டு நிமிடம்கூட இருக்காது, வார்னிஷ் கருகும் வாடை. பிரித்துப் பார்த்தால் தலைமுடி போன்ற கம்பி கறுத்துச் சுற்றுச் சுற்றாய் அவிழ்ந்து கிடந்தது. "அதுவும் ஸ்பீக்கர்தானே சார்" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்ததில்தான் தப்பு. பெயரைக் கேட்டதுமே வேலை விளங்குகிற மாதிரி ஒரு சொல் வேண்டும். நானாக எழுதிப் பார்த்தது 'குறுக்குக்கடப்பி'. எனக்கே பிடிக்கவில்லை.

மதுரை, செவ்வாய் காலை

தம்பி, ஆங்கிலச் சொல்லைப் பார்க்காதீர்கள், கருவி செய்யும் வேலையைப் பாருங்கள். அது பிரிக்கிறது. ஆகவே 'அலைபிரிப்பி'. 'பிரிப்பான்' வேண்டாம், ஆன் என்பது ஆண்பால் விகுதி. கருவிக்கு இகர விகுதியே அழகு: வடிகட்டி, மின்மாற்றி. கையேட்டில் 'ஒலிப்பெருக்கி' என்று எழுதியிருந்தால் அந்த ஒற்றையும் எடுத்துவிடுங்கள். ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி. இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது.

கோவை, செவ்வாய் இரவு

ஐயா, ஒற்று இருக்கட்டும், அந்தச் சொல்லே பொருந்தவில்லை. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, அது ஆம்ப்ளிஃபயரின் வேலை. 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரைஸும் கெல்லாக்கும் செய்து காட்டியது மின்சாரத்தைக் கூம்பின் அசைவாக்கும் கருவியை. இன்றைக்கு நாம் வாங்குவதும் அதன் வாரிசுதான். பெயரில் ஒரு தரம் பிசகினால் நூறு வருஷத்துக்குத் திருத்த முடியாது, அதனால்தான் சொல்கிறேன். 'ஆன்' விஷயத்திலும் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்துக்காரர் தெளிப்பான் என்கிறார், அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை.

என் ஓட்டு 'கிராஸ்ஓவர்' என்றே விடுவதற்கு. சென்னை ரிச்சி தெருக் கடையில் போய் "அலைபிரிப்பி கொடுங்க" என்றால் பையன் வெறுங்கையோடு திரும்புவான்.

யாழ்ப்பாணம், புதன் காலை

கடையில் விளங்காது என்று விட்டிருந்தால் எங்களுக்கு 'ஒலிவாங்கி'யும் வந்திராது. சொல்லிச் சொல்லித்தான் சனத்தின் வாயில் ஏறியது. அதிர்வெண்ணை நாங்கள் மீடிறன் என்று படித்தோம், இன்றைக்கும் அப்படித்தான் படிப்பிக்கிறேன்.

தம்பி, நீங்கள் ஒரு சொல் கேட்கிறீர்கள், ஆனால் இங்கே இரண்டு பொருள் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சுற்று ஒன்று. வூஃபர் தணிந்து ட்வீட்டர் எழும் அந்த மீடிறன் இன்னொன்று. கிராஸ் ஆவது இரண்டாவதுதான். பழைய ஆங்கில நூல்களில் சுற்றுக்கு 'டிவைடிங் நெட்வொர்க்' என்ற பெயரும் உண்டு. ஐயா பிரிப்பு என்று பிடித்தது அதனால் சரி.

ஒரத்தநாடு, புதன் இரவு

அக்கா சொன்னது பெரிய உதவி. படித்ததும் எனக்குத் தோன்றியது இது. மின்னோட்டம் என்கிறோம், மின்தேக்கி என்கிறோம். ஓட்டம், தேக்கம் எல்லாம் தண்ணீர்ச் சொற்கள். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதை எங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கல்லணைக் கால்வாய் பாய்கிற ஊர் இது. தலைமடை, கடைமடை என்றால் விளக்கவே வேண்டாம். 'மடைமாற்றி' என்றால் என்ன?

மதுரை, வியாழன் காலை

மடை! நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். மடை என்றால் நீர் திறக்கும் வாய் மட்டுமல்ல, சோறு, படையல் என்றும் பொருள். மடைப்பள்ளி அதிலிருந்து வந்தது. மடையைத் திறப்பவன் மடையன், அது வசைச்சொல் ஆனது பிற்காலத்தில் என்று சொல்வாருண்டு. நான் ஏற்பதில்லை, அது மடமையிலிருந்து வந்தது. சமையற்காரனைக் குறிக்கும் மடையன் வேறு சொல். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஆனால் 'மடைமாற்றி' ஆகாது. மடைமாற்றுவது என்றால் ஒரு பக்கம் போவதை மறுபக்கம் திருப்புவது. நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்தப் பொருள். இங்கே இரண்டு பக்கமும் பாய்கிறது. ஆகவே 'பகுமடை'. வினைத்தொகை, பகுத்த, பகுக்கின்ற, பகுக்கும் என்று முக்காலமும் அடங்கும். பகல், பங்கு, பாதி, பால் எல்லாம் பகு என்னும் வேரில் பிறந்தவை. அம்மையார் சொன்ன அந்த மீடிறனுக்குக் 'கூடல்வெண்'. கூடல் நகரில் இருந்துகொண்டு வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

கோவை, வியாழன் மதியம்

கூடல்வெண் அருமை, எடுத்துக்கொள்ளுங்கள். பகுமடைக்கு என் மறுப்பு உண்டு. மடை அளவால் பகுக்கும், இந்தச் சுற்று தன்மையால் பகுக்கும். எந்தத் தண்ணீரும் எந்த வாய்க்காலிலும் போகும். இங்கே மின்தேக்கி கீச்சொலியை விட்டுக் கனத்த ஒலியை மறிக்கிறது, கம்பிச்சுருளான காயில் (coil) நேர்மாறு. அந்தப் பையன் தெரிந்துகொள்ள வேண்டியதே இந்த வேறுபாட்டைத்தான். உவமை வேண்டுமென்றால் முறத்தைப் பாருங்கள்: பதர் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம்.

யாழ்ப்பாணம், வியாழன் மாலை

எங்கள் ஊரில் அது சுளகு. உவமை என் மனதுக்கும் பிடித்தது. 'கொழிப்பி' என்று ஒரு சொல் செய்யலாம். ஆனால் நாளைக்கு அச்சு. பகுமடைக்கே என் கை.

ஒரத்தநாடு, வியாழன் இரவு

மூன்று பேர் பகுமடைக்கு, அண்ணா ஒருவர் மறுப்பு. முதல் முறை வரும் இடத்தில் 'பகுமடை என்னும் கிராஸ்ஓவர்' என்று போட்டு, கீழே முறத்தின் படத்தையும் சேர்த்துவிட்டேன். இறுதிப் படியை அனைவருக்கும் அனுப்புகிறேன்.

கோவை, வெள்ளி அதிகாலை

படி பார்த்தேன். பகுமடை தவறான சொல் என்றே இப்போதும் நினைக்கிறேன், அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். அதைவிட அவசரம் இது: ஒன்பதாம் பக்கப் படத்தில் மின்தேக்கி 68 மைக்ரோஃபாரட் என்று இருக்கிறது. புள்ளி விட்டுப்போயிருக்கிறது. 8 ஓம் ட்வீட்டருக்கு 3000 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 6.63, கடையில் 6.8 கிடைக்கும். 68 போட்டால் கூடல்வெண் 300-க்கும் கீழே இறங்கிவிடும், பன்னிரண்டு ட்வீட்டரும் கருகும். அச்சகத்துக்கு உடனே போன் செய்யுங்கள்.