லூபஸ் சிறுநீரக பாதிப்பு: கர்ப்பத்துக்கு முன் மருந்து மாற்றியவர்களிடம் ஒரு கேள்வி

குடியாத்தத்தில் வசிக்கும் 28 வயதான என் தங்கைக்கு 2022இல் லூபஸ் என்ற, உடலே தன்னைத் தாக்கும் நோய் உறுதியானது. நோயெதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கியதால் சிறுநீரில் புரதம் வெளியேறி, முகமும் கால்களும் வீங்கின. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் குறைக்கும்போதெல்லாம் மூட்டுவலியும் கன்னச் சிவப்பும் திரும்பின. நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபெனோலேட் மருந்தைச் சேர்த்த பிறகே புரதம் கட்டுக்குள் வந்தது. லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையும், அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் தொடர்கின்றன. வெயில் படக்கூடாதாம், வேலூர் மாவட்டத்துச் சித்திரையில் அது எளிதா என்ன?

இப்போது குழந்தை பெற விரும்புகிறாள். மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் அசாதயோபிரினுக்கு மாற்றினார். சில வாரங்களில் புரதம் மீண்டும் ஏறவே, பழைய மருந்துக்கே திரும்பினோம். அடுத்து, நோயெதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் தரலாம் என்கிறார் மருத்துவர்; நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பிறகே கருத்தரிக்க வேண்டுமாம்.

அசாதயோபிரின் பலிக்காமல் டாக்ரோலிமஸுக்கு மாறிக் குழந்தை பெற்றவர்கள் வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியில் இருந்தால், கர்ப்ப காலத்தில் உங்கள் சிறுநீரகம் எப்படி இருந்தது?