ஊர்வனவற்றின் குளிர்கால நிலைக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். விலங்கியல் பாடநூலில் பருவமும் தசையும் பற்றிய இயலை இவ்வார இறுதிக்குள் அச்சுக்குத் தரவேண்டும். குளிர்காலத்தில் பாம்பும் பல்லியும் ஆமையும் செயல் குன்றிக் கிடப்பதைப் ‘புருமேஷன்’ என்கிறார்கள். பாலூட்டிகளின் நிலையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதற்காக, கொம்புப் பல்லிகளை ஆராய்ந்த மேஹியூ 1965இல் அமைத்த சொல் அது. நாமோ இரண்டையும் குளிர்கால உறக்கம் என்றே எழுதிவருகிறோம். உடல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஊர்வனவற்றின் தசை சுருங்கும் வேகம் பொதுவாக ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. ஆனால் தசை தரும் உச்ச விசை அந்த அளவுக்குக் குறைவதில்லை. சற்று வெப்பமான நாளில் அதே விலங்கு அசைந்து வெளியே வந்து நீர் குடித்துத் திரும்புவதும் உண்டு. இதை உறக்கம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

ஐயா, பனித்துயில் என்று வையுங்கள். பனி என்பது முன்பனி, பின்பனி என்று பருவத்தைக் குறிக்கும். பனித்தல் என வினையாகும்போது நடுங்குதலைக் குறிக்கும். ஒரே வேரில் பருவமும் தசையும் கிடைக்கின்றன. நண்பர் ஒருவர் முன்மொழிந்த மடிதுயில் பொருந்தாது. ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்’ என்ற குறளில் மடி, அதாவது சோம்பல், வேறு; துயில் வேறு. இரண்டையும் தனித்தனியே எண்ணினால்தான் நான்கு வரும். உம்மைத்தொகையை வினைத்தொகையாகப் படிப்பதை நான் ஏற்கமாட்டேன். அறிதுயில் நல்ல வினைத்தொகைதான் என்றாலும் அது திருமாலின் யோகத் துயிலுக்கு உரியது. உளவியலார் சிலர் மனவசியத்துக்கும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, தாங்கள் காட்டிய நடுக்கம்தான் எனக்குத் தடையாக நிற்கிறது. ஊர்வன பொதுவாகக் குளிரில் நடுங்கி வெப்பம் ஈட்டுவதில்லை. அடைகாக்கும் மலைப்பாம்பு தசைகளைத் துடிக்கச்செய்து முட்டைகளைச் சூடாக்குகிறது. அது அரிய விலக்கு, குளிர்கால முடக்கமும் அன்று. மாணவர் பனித்துயில் என்பதைப் பிரித்துப் பொருள் கண்டால் உண்மைக்கு நேர்மாறானதைக் கற்றுக்கொள்வார்.

ஆகவே குளிரொடுக்கம் என்று முன்மொழிகிறேன். வட அமெரிக்காவின் வண்ண ஆமை, பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில், ஏறத்தாழ 3 டிகிரி வெப்பநிலையில், உயிர்வளியே இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேலும் உயிர் தரிக்க வல்லது. உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை அதன் ஓட்டிலிருந்து கரையும் கார்பனேட்டு தணிக்கிறது. செலவைச் சுருக்கி உயிரைக் காக்கும் இச்செயலுக்கு ஒடுங்குதல் என்ற வினை மிகச் சரியாகப் பொருந்துகிறது. குளிருக்குப் பழகிய உவர்நீர் முதலைக் குட்டிகள் குறைந்த வெப்பத்திலும் நன்றாக நீந்துவதை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அங்கே தசை ஒடுங்கவில்லை, பருவத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதற்குப் பருவ இசைவு என்று எழுதுகிறேன். தகவமைப்பு என்ற சொல் தலைமுறைகளினூடே நிகழும் மாற்றத்துக்கே இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியை எழுதியது:

பருவ இசைவு எனக்கு முழு உடன்பாடு, கேட்டவுடன் விளங்குகிறது. ஆனால் ஒடுக்கம் என்றதும் என் மாணவர்களுக்கு ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வரும். புருமேஷன் என்பதையே தமிழ் எழுத்தில் எழுதினால் மேற்படிப்பிலும் உதவுமே! தனித்தமிழ் வேண்டும் என்பவர்களை மதிக்கிறேன். எனினும் பாடநூல் முதலில் பிள்ளைகளுக்குப் புரியவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, ஒலிபெயர்ப்பு அவர்களுக்கு ஓசையை மட்டுமே தரும். குளிரொடுக்கம் குளிரையும் தருகிறது, நடப்பதையும் தருகிறது. மறுப்பவர்களைவிட ஏற்பவர்கள் சிலர் கூடுதலாக இருப்பதாலும் காலம் இல்லாததாலும் குளிரொடுக்கம் என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் புருமேஷன் என்பதையும் சேர்த்து எழுதுவேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அனுப்புங்கள்; தடுக்கமாட்டேன். ஆயினும் ஒடுக்கம் என்பது சைவ சித்தாந்தத்தில் உலகமே ஒடுங்குவதைக் குறிக்கும் பெருஞ்சொல். அதை ஓர் ஆமையின் குளிர்காலத்துக்குக் கொடுப்பதில் எனக்கு இன்னும் இசைவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.