ஓடுற வண்டி திடீர்னு அணைஞ்சுடுது, அரை மணி நேரம் கழிச்சு தானா பிடிக்குது. பம்பு மாத்தியும் தீரலை

விருதுநகர்வாசி:
வணக்கம். வண்டி 2005 மாடல் கார், பெட்ரோல், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் போற வகை), ஓடினது 1,34,000 கி.மீ. கம்பெனி பேரு வேண்டாம், சொன்னா அந்தச் சண்டையே நாலு நாள் ஓடும்.

காலையில் பக்கத்தில் எங்கே போனாலும் பிரச்சினை இல்லை. வெயிலில் நாற்பது, ஐம்பது நிமிஷம் ஓடினபிறகு சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி டக்குனு நிக்குது. திக்கல், இழுவைக் குறைவு ஒண்ணும் கிடையாது. செல்ஃப் நல்லா சுத்தும், பிடிக்காது. ஓரமா நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா முதல் செல்ஃபிலேயே பிடிச்சுக்கும். போன வாரம் சாத்தூர் தாண்டி நாலுவழிச் சாலையில் நின்னுச்சு. பின்னாடி லாரி, பக்கத்து சீட்டில் அம்மா.

பிளக், பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி எல்லாம் புதுசு. பெட்ரோல் பம்புதான்னு மெக்கானிக் அடிச்சுச் சொன்னார், 6,800 ரூபாய்க்கு அதுவும் மாத்தியாச்சு. மூணாம் நாளே மறுபடி நின்னுச்சு. மெக்கானிக் ஷெட்டில் ஒரு தடவைகூட நின்னதில்லை.

தேனிக்காரன்:
ஏர் லாக் ப்ரோ, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்குது. ஈரத்துணியை பெட்ரோல் லைன் மேல போடுங்க. எங்க அப்பா பழைய வண்டிக்கு அதைத்தான் செய்வார்.

நெல்லை ஷெட்:
தேனித் தம்பி சொல்றது கார்புரேட்டர் காலத்து வைத்தியம். இதில் பம்பு டேங்குக்குள்ள இருக்கு, லைனில் மூணு பார் பக்கம் பிரஷர் நிக்கும். அவ்வளவு சுலபமா ஆவி அடைக்காது.

விருதுநகர் தம்பி, இனி ஒரு பொருளும் வாங்காதீங்க. வண்டி செத்துக் கிடக்கிற அந்த இருபத்தஞ்சு நிமிஷம்தான் உங்களுக்குக் கிடைச்ச பொக்கிஷம். அப்போ பார்க்காம, ஆறினபிறகு ஷெட்டுக்குக் கொண்டுபோனா எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. நானும் அப்படி ஏமாந்து கஸ்டமர் காசில் பம்பு மாத்தினவன்தான்.

ஒரு பழைய நல்ல பிளக்கும் பிளக் ஸ்பேனரும் வண்டியிலேயே வச்சுக்கோங்க. அடுத்த தடவை நின்னதும் சாவியை ஆன் மட்டும் பண்ணி, பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்க. ரெண்டு செகண்டு ‘ம்ம்ம்’னு பம்பு சத்தம் வந்தா கரண்டு அங்கே போகுதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு பிளக் வயரைக் கழற்றி, பழைய பிளக்கை அதில் மாட்டி, பிளக்கோட இரும்பு எஞ்சின் உலோகத்தில் நல்லா படுற மாதிரி வச்சு, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. கையில் பிடிக்காதீங்க. பெட்ரோல் வாடை அடிச்சா இந்தச் சோதனையே வேண்டாம். பொறி இருந்தா பெட்ரோல் பக்கம் தேடலாம். பொறியே இல்லைன்னா பம்பு மேல பழி போட முடியாது.

இன்னொண்ணு. நிக்கும்போது ஆர்.பி.எம். முள் எப்படி விழுந்துச்சு? கியரில் வண்டி உருண்டுட்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்குப் போச்சா?

விருதுநகர்வாசி:
அண்ணாச்சி, ஆமா! வண்டி நாலாவது கியரில் உருளுது, முள் பொத்துனு கீழே. இதை யாருமே கேட்டதில்லை.

நெல்லை ஷெட்:
அப்போ எனக்கு கிராங்க் சென்சார் மேலதான் சந்தேகம். எஞ்சின் சுத்துறதை வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். அது வாயை மூடினா கம்ப்யூட்டர் எஞ்சின் நின்னுடுச்சுன்னு நினைச்சு பொறியையும் இன்ஜெக்டரையும் நிறுத்திடும். உள்ளே தலைமுடி மாதிரி செம்புக் கம்பிச் சுருள். வயசான சுருள் சூட்டில் விரிஞ்சு விட்டுப்போகும், ஆறினா மறுபடி ஒட்டிக்கும்.

மதுரை மீட்டர்:
அண்ணாச்சியோட ஒத்துப்போறேன். ஆனா கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரண்டு விடுற மெயின் ரிலே உள்ளே ஈயப் பற்று (சால்டரிங்) விரிசல் விட்டாலும் இதே கூத்துதான். பம்பு சத்தம் வராட்டி முதலில் ரிலேயைப் பாருங்க. மீட்டர் போர்டு விளக்கெல்லாம் சேர்ந்து அணைஞ்சா சாவி ஸ்விட்ச். சாவியில் கொத்தா பூட்டுச் சாவி தொங்குதா? அந்தக் கனம் ஸ்விட்சைக் கெடுக்கும்.

அப்புறம் ஓடும்போது நின்னா பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடாதீங்க. ரெண்டு மூணு மிதியில் பிரேக்குக்குத் துணை நிக்கிற பூஸ்டர் காலியாகி பெடல் கல்லாயிடும். ஒரே அழுத்தா பிடிங்க. வண்டி உருளுறப்போ சாவியை உருவிடாதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கும்.

விருதுநகர்வாசி (ஒன்பது நாள் கழிச்சு):
நேத்து கோவில்பட்டிக்கு முன்னாடி நின்னுச்சு. வாழ்க்கையில் முதல் தடவையா சந்தோஷப்பட்டேன். போர்டு விளக்கு எரியுது, பம்பு ‘ம்ம்ம்’ வருது, பிளக்கில் பொறி இல்லவே இல்லை. செல்ஃப் அடிக்கும்போது முள் அசையவே இல்லை. பாட்டில் தண்ணியைத் துணியில் நனைச்சு சென்சார் மேல வச்சேன். அஞ்சே நிமிஷத்தில் வண்டி பிடிச்சுடுச்சு.

வீட்டுக்கு வந்து சென்சாரைக் கழற்றினேன். ரெண்டு வயர் உள்ளது. மீட்டரில் 560 ஓம். எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற தண்ணி ஊத்தி, கனெக்டர் நனையாம முனையை மட்டும் விட்டேன். 590, 640, அப்புறம் திரையில் இடது ஓரமா வெறும் ‘1’. வெளியே எடுத்து ஊதி ஊதி ஆற வச்சேன், திரும்ப 570. மூணு தடவை செஞ்சேன், மூணு தடவையும் அதேதான். வீட்டில் அந்த டம்ளரை இனி அடுப்படிக்குள்ள விட மாட்டாங்களாம்.

நெல்லை ஷெட்:
‘1’னா சுருள் அறுந்து நிக்குதுன்னு மீட்டர் சொல்லுது. ஒரிஜினலே வாங்குங்க. மாட்டும்போது கனெக்டர் வயரையும் ஒரு தடவை தடவிப் பாருங்க, சைலன்சர் சூட்டில் உறை நொறுங்கியிருந்தா புது சென்சாரும் கெட்ட பேரு வாங்கும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: மூணு வயர் வந்தா அது பெரும்பாலும் ஹால் வகை (சுருளுக்குப் பதிலா உள்ளே சின்ன சில்லு), ஹால்னா இந்த ஓம் சோதனை செல்லாது.

விருதுநகர்வாசி:
புது சென்சார் 1,150 ரூபாய். வயர் நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து மத்தியானம் ஏ.சி. போட்டுத் திருநெல்வேலி போய்த் திரும்பினேன், எங்கேயும் நிக்கலை. பழைய பம்பு இன்னும் டிக்கியில் உருண்டுட்டுக் கிடக்கு. பேட்டரியில் வயர் கொடுத்துப் பார்த்தேன், ஜம்முனு சுத்துது. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.