மறு: சிப்செட்டுக்குத் தமிழில் என்ன? – ‘கிளைச்சில்லு’ என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> மதர்போர்டுக்குத் தாய்ப்பலகை நிலைத்துவிட்டது. சிப்செட்டுக்கும் சில்லுத்தொகுதி என்றே வைத்துக்கொள்ளலாமே?

தாய்ப்பலகையில் எனக்கு மறுப்பே இல்லை. சில்லுத்தொகுதிதான் நெருடுகிறது. வீட்டிலேயே கணினி பூட்டுகிறவர்களுக்காகத் தாய்ப்பலகையைத் தேர்வது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைப் போட்டால், படிப்பவருக்கு அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபடவே மாட்டேன் என்கிறது.

பழைய பலகைகளில் அது உண்மையிலேயே தொகுதிதான், இரண்டு சில்லுகள் (சிப்புகள்) சேர்ந்தது. செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே வடபாலம் (நார்த்பிரிட்ஜ்). வட்டு, யூஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கக் கீழே தென்பாலம் (சவுத்பிரிட்ஜ்). 2003இல் ஏஎம்டியின் அத்லான் 64 நினைவகக் கட்டுப்பாட்டைச் செயலிக்குள்ளேயே வைத்தது. 2008இல் இன்டெல்லின் நெஹலெமும் அதே வழிக்கு வந்தது. மறு ஆண்டு அதன் பி55 சிப்செட் கொண்ட பலகைகள் வந்தபோது வரைகலை அட்டைக்கான தரவுத் தடங்களும் (லேன்) செயலிக்குள் போய்விட்டன. வடபாலத்துக்கு வேலை இல்லை. இன்று இன்டெல்லின் பி660 சிப்செட் கொண்ட ஒரு பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வலப்பக்கம் கீழே, பெரும்பாலும் வட்டுகளின் கம்பிகளைச் செருகும் சாட்டா வாய்களை ஒட்டி, தட்டையான அலுமினியத் தகட்டுக்கு அடியில் ஒரே ஒரு சில்லு இருக்கும். எஞ்சியது அவ்வளவுதான்.

அந்த ஒற்றைச் சில்லு என்ன செய்கிறது? செயலியிலிருந்து ஒரு பெருந்தடம் அதற்கு வருகிறது. அதை வாங்கி யூஎஸ்பி, சாட்டா, கூடுதல் எம்.2 (சிறு அட்டை வடிவ வட்டுக்கான செருகுவாய்), வலைப்பின்னல் என்று பிரித்துவிடுகிறது. ஆற்றுத் தண்ணீரைத் தலைமதகில் வாங்கிக் கிளைவாய்க்கால்களுக்குப் பிரிப்பதைப் போன்ற வேலை. அதனால்தான் கிளைச்சில்லு என்று சொல்லலாம் என்கிறேன்.

வாங்கும்போது இந்தப் பெயர் எப்படி உதவும் என்றும் பாருங்கள். பி660இல் செயலியிலிருந்து கிளைச்சில்லுக்கு வருவது நான்கு தடம், விநாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட்டு. அதே தலைமுறையின் இசட்690இல் எட்டுத் தடம். கிளைச்சில்லில் இரண்டு வேகமான எம்.2 வட்டுகளை மாட்டி, இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைப் படித்தால் அந்தப் பெருந்தடத்தைத்தான் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ‘கிளை’ என்று கேட்டவுடனே இது தானாகப் புரிந்துவிடும்; ‘தொகுதி’ இதில் எதையும் சொல்வதில்லை. அதே தலைமுறையின் எச்610 பலகையில் செயலியிலிருந்து எம்.2வுக்கு நேர்த்தடமே கிடையாது, வட்டு கிளைச்சில்லு வழியாகத்தான் வந்தாக வேண்டும். நினைவகச் செருகுவாயும் இரண்டே. ஐ5-12400 போன்ற செயலியை வைத்து எழுத்துவேலை, பாடம், இணையம் என்று இருப்பவருக்கு அது தாராளம். நாளை இன்னொரு வட்டோ நினைவகமோ சேர்க்க நினைப்பவர் தொடக்கத்திலேயே பி660 பக்கம் போவது நல்லது. செயலியின் வேகத்தை மிகைப்படுத்தி ஓட்ட விரும்பினால் மட்டும் இசட் வரிசை. இல்லாவிட்டால் அந்தப் பணத்தை நல்ல மின்வழங்கிக்குக் கொடுங்கள், இதை நான் அழுத்தியே சொல்வேன்.

> எக்ஸ்670இல் இரண்டு சில்லுகள் இருக்கின்றனவே, அங்கே ‘தொகுதி’ பொருந்தாதா?

நல்ல கேள்வி, அக்கா. எக்ஸ்670 ஏஎம்டியின் சிப்செட். அங்கே முதல் சில்லு செயலியோடும், இரண்டாவது சில்லு முதலாவதோடும் இணைகின்றன. இரண்டும் ஒரே வகைச் சில்லுகள்தாம். ஏஎம்டியின் பி650இல் அதில் ஒன்று மட்டும். ஆக அது கிளையிலிருந்து பிரியும் கிளை. ‘இரட்டைக் கிளைச்சில்லு’ என்றால் சரியாகவே பொருந்தும்.

யாழ்ப்பாணத்து அண்ணர் ‘சில்லு’ என்றாலே தங்கள் பக்கம் வண்டிச் சக்கரம் நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தார். தனித்து நிற்கும்போது அந்தக் குழப்பம் வரும், மறுக்கவில்லை. ஆனால் கணினி பற்றிய பேச்சில், அதுவும் கூட்டுச்சொல்லில், சக்கரம் குறுக்கே வராது என்று நினைக்கிறேன். தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு என்று துண்டைச் சொல்லும் வழக்கம் தமிழகத்தில் உயிரோடு இருப்பதால் அதை விட மனமில்லை. ‘துணைச்சில்லு’ என்ற பரிந்துரையை மட்டும் ஏற்க முடியவில்லை. துணைச்செயலி என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் படிப்பவர் திண்டாடுவார்.

வடபாலமும் தென்பாலமும் இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது சில்லுத்தொகுதி அப்படியே இருக்கட்டும். அங்கே அது சரியான சொல். கடைக்காரரிடம் ‘சிப்செட்’ என்றே கேளுங்கள், அதிலும் தவறில்லை. கட்டுரைகளிலும் கையேடுகளிலும் புதிய பலகைகளுக்குக் கிளைச்சில்லு என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘சிப்செட் எனப்படும்’ என்று சேர்த்துவிடலாம்.

‘இரண்டாவது எம்.2 கிளைச்சில்லில் இருக்கிறது, அதனால் இயங்குதளத்தை முதலாவதில் நிறுவு.’ இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் கணினி தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் சொல்லிப் பார்த்து, அவர்களுக்கு என்ன புரிந்தது என்று எழுதுங்கள். பெருந்தடத்துக்கு இதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.