கறுப்புக் காட்டுமுயலின் தோலில் முடி உதிர்கிறது: காப்பாற்ற வழி உண்டா?

நெடுவழி:
வணக்கம். நான்கு நாட்களுக்கு முன் விடியற்காலையில், சாலையோரம் அடிபட்டுக் கிடந்த ஒரு குழிமுயலை (வளை தோண்டி வாழும் காட்டுமுயல்) கண்டேன். உடல் முழுவதும் கன்னங்கரேல் என்றிருந்தது. அந்த வழியில் சாம்பல்பழுப்பு முயல்களை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. எடுத்துக்கொள்ள முறையாக அனுமதி பெற்று, மாலையில்தான் தோலை உரிக்க முடிந்தது. மேலாக உப்புத் தூவி மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இன்று பிரித்தால் வயிற்றுப் பக்கம் முடி கொத்தாகக் கையோடு வருகிறது. அந்த இடம் லேசாகப் பச்சை பூத்திருக்கிறது. முதுகு உறுதியாக இருக்கிறது. தோலைக் காப்பாற்ற முடியுமா? இது யாரோ வளர்த்துத் தப்பிய முயலாக இருக்குமோ?

தோல்பாடம்:
முடியை இழுத்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். பாக்டீரியா மயிர்க்கால்களைத் தின்னத் தொடங்கிவிட்டது. குடல் அருகில் இருப்பதால் பெரும்பாலும் வயிற்றில்தான் ஆரம்பிக்கும். பகல் முழுவதும் உடல் சூடு ஆறாமல் கிடந்தது ஒரு காரணம். தோலை மடித்து வைத்தது இன்னொரு காரணம். மடிப்புக்குள் உப்பு போய்ச் சேரவே சேராது.

உதிர்ந்த முடி திரும்ப ஒட்டாது. மற்றதைக் காப்பாற்றலாம். பச்சை பூத்த பகுதியை இப்போதே வெட்டி எறியுங்கள். தோலை விரித்து, சதைப்புறம் முழுக்க, ஓரங்களிலும் காதடியிலும் விடாமல், அயோடின் கலக்காத தூள் உப்பை அழுத்தித் தேயுங்கள். தோலின் எடைக்குச் சமமான உப்பு வேண்டும். மறுநாள் ஈர உப்பைத் தட்டிவிட்டுப் புதிதாக இடுங்கள். வெயிலில் வைக்கவே கூடாது.

அதன்பின் படிகாரம். நான் 4 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் உப்பும் 250 கிராம் படிகாரமும் சேர்ப்பேன். படிகாரத்தை வெந்நீரில் கரைத்தால் முழுதும் ஆறிய பிறகே தோலை இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான் நல்லது. இரும்பும் அலுமினியமும் ஆகாது. இரண்டு மூன்று நாளில் உட்சவ்வு இளகிவிடும். பின்பக்கத்திலிருந்து நகத்தால் கிளப்பினால், வெங்காயச் சருகுபோல ஒரே ஏடாக உரிந்து வரும். அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் முயல்தோல் கிழிந்துவிடும்.

கையுறை அணிந்தீர்களா? காட்டுமுயலிடமிருந்து துலரேமியா என்ற பாக்டீரியா நோய் தொற்றக்கூடும். கையில் கீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முயலைத் தொட்டதைச் சொல்லுங்கள்.

மரபுத்தடம்:
நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாதாரணக் காட்டுமுயலின் முதுகு முடியை வாயால் ஊதிப் பிரித்தால் வளையம் வளையமாகத் தெரியும்: அடியில் கருஞ்சாம்பல், நடுவில் மணல் மஞ்சள், நுனியில் கறுப்பு. இந்தப் பட்டையை உண்டாக்கும் மரபணு இரு பிரதிகளிலும் செயலற்றுப் போனால் மஞ்சள் வளையம் மறைந்து முடி முழுதும் கறுப்பாகிவிடும். பெற்றோர் இருவரும் சாதாரண நிறத்தில் இருந்தபடியே செயலற்ற பிரதியை ஆளுக்கொன்று சுமந்திருந்தால், நான்கில் ஒரு குட்டி கறுப்பாகப் பிறக்க வாய்ப்புண்டு. ஆகவே கறுப்பு என்பதாலேயே அது வீட்டுமுயல் ஆகிவிடாது.

இந்தக் குழப்பம் பழையது. தென் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பாக்லாந்து தீவுகளின் கறுப்பு முயலைப் பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் தனி இனமென்றே பெயரிட்டார்கள். 1833இலும் 1834இலும் அங்கே சென்ற டார்வின் அதை ஏற்கவில்லை. கறுப்பும் சாம்பலும் ஒன்றாகத் திரிந்து, இணைந்து, இருநிறக் குட்டிகள் ஈனுவதை அங்கிருந்த மாடு மேய்ப்பவர்கள் அவரிடம் சொன்னார்கள்.

எடை என்ன? வயிறு வெளுப்பா, கறுப்பா? நெற்றியிலோ பாதத்திலோ வெள்ளை உண்டா?

நெடுவழி:
எடை 1.4 கிலோ. இப்போதுதான் ஊதிப் பார்த்தேன். மஞ்சள் எங்கும் இல்லை. அடி ஈயச் சாம்பல், மேலே கறுப்பு. வயிறும் கறுப்புதான், சற்று மங்கல். மார்பில் பத்துப் பன்னிரண்டு வெள்ளை முடிகள் சிதறிக் கிடக்கின்றன.

மரபுத்தடம்:
எடை காட்டுமுயலுக்கு உரியது. வயிறும் கறுப்பாக இருப்பதால் நான் சொன்ன மாற்றமாகவே தோன்றுகிறது. சிதறிய வெள்ளை முடிகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. என்றோ ஒரு வீட்டுமுயல் கலந்திருக்கலாம்; அதைத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு தசைத்துண்டு மிச்சமிருந்தால் செறிவான எத்தனாலில் (ஆல்கஹால்) போட்டு வையுங்கள், பிறகு மரபணு பார்க்க உதவும்.

ஏட்டுச்சீட்டு:
தோல்பாடம் ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. படிகாரம் தோலைப் பதப்படுத்தும், சரி. ஆனால் நனைந்தால் அது வெளியேறிவிடும். போர்த்தவோ தைக்கவோ போவதில்லை, நிறத்துக்காகத்தான் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், உப்பிட்டுச் சவ்வை நீக்கி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தினாலே போதும். நாள், இடம், ஆணா பெண்ணா, எடை ஆகியவற்றை எழுதிய சீட்டை இன்றே கட்டுங்கள். சீட்டில்லாத தோல் வெறும் கறுப்புத் துணி. வெளிச்சத்தில் மாட்டாதீர்கள், கறுப்பு நாளடைவில் செம்பட்டையாகிவிடும்.

தோல்பாடம்:
சீட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி, நான் மறந்துவிட்டேன். ஆனால் முடி இளகத் தொடங்கிய தோலை இந்த ஈரக்காற்றில் வெறுமனே உலர்த்த எனக்கு மனம் வராது.

நெடுவழி:
பன்னிரண்டாம் நாள். படிகாரத்திலேயே போட்டேன். உட்சவ்வு ஐயா சொன்னபடி ஒரே ஏடாக வந்தது. பாதி காய்ந்தபோது நாற்காலி முதுகில் வைத்து இழுத்து இழுத்து மசித்தேன். இழுக்கும் இடமெல்லாம் வெளுத்து மெத்தென்று ஆனது. வயிற்றில் உள்ளங்கை அகலம் போய்விட்டது. முதுகு, காது, வால் எல்லாம் முடியோடு இருக்கின்றன. சீட்டும் கட்டிவிட்டேன்: ஆண், 1.4 கிலோ, சாலையோரம், காலை 5.40.