தங்கச்சியின் டி.சி. ஏஜென்ட் கையில். கவுன்சலிங்குக்கு என்ன செய்வது?

ஓவர்லாக் அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். சொந்த ஊர் அரூர் பக்கம். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ்வழி, உயிரியல்-கணக்கு குரூப். 600-க்கு 462. கணக்கு 74, இயற்பியல் 71, வேதியியல் 78. பக்கத்து மெஷின் பையன் பேப்பரில் கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டிப் பார்த்து, கட்-ஆஃப் 200-க்கு 148.5 என்றான். அது நல்ல மார்க்கா, சுமாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா குச்சிக்கிழங்கு பிடுங்கப் போயிருந்தார், அம்மா மட்டும்தான் இருந்தார். வந்தவர் கையில் தங்கச்சி பெயர், மார்க், அம்மாவின் போன் நம்பர் வரை அச்சடித்த லிஸ்ட். (அது அவருக்கு எங்கே கிடைத்தது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.) "ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலுக்கும் பைசா வேண்டாம், எங்க காலேஜ்ல எல்லாம் ஃப்ரீம்மா" என்று பேசி, டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றையும் அசலாகவே வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு 1000 ரூபாயும் ஒரு தோள்பையும். பையின் ஜிப் இரண்டே நாளில் பிய்ந்துவிட்டது. கிளம்பும்போது அம்மா போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கியிருக்கிறார். கவுன்சலிங் பதிவை அவரே பார்த்துக்கொள்கிறாராம்.

தங்கச்சிக்கு ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ்) படிக்க ஆசை, அதுவும் தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரியில். அப்பாவோ அரூர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள், அது போதும் என்கிறார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. நான் 2014-ல் பாலிடெக்னிக் சேர்ந்து மூன்றாவது செமஸ்டரில் விட்டவன். படிப்பு வராமல் இல்லை. உதவித்தொகை வரும் வரைக்கும் கட்ட 6,000 ரூபாய் புரட்ட முடியவில்லை, ஹால் டிக்கெட் கொடுக்கவில்லை, மறுநாளே திருப்பூர் பஸ் ஏறினேன். நான் அப்படிப் பாதியில் விட்டதால் அவளுக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைக்காமல் போகுமா?

சாக்பீஸ்:

தம்பி, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருஷம் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள். முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், சான்றிதழெல்லாம் அப்புறம். ஓடிபி அம்மா போனுக்குத்தானே வந்தது? அப்படியானால் பொறியியல் கவுன்சலிங் நடக்கும் டி.என்.இ.ஏ. தளத்தில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்" கொடுத்தால் மறுபடி அதே போனுக்குத்தான் வரும். உள்ளே போனதும் மின்னஞ்சல் முகவரி யாருடையது என்று பாருங்கள். இவர்கள் வழக்கமாகத் தங்களுடையதைப் போட்டுவிடுவார்கள். பாஸ்வேர்ட் அவர் கையில் இருந்தால் ஜூலையில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கும் சாய்ஸ் பட்டியலை அவர் நிரப்புவார், அதில் அவருடைய கல்லூரி ஒன்றுதான் இருக்கும். குழந்தைக்குத் தெரியவே தெரியாது. என் மாணவி ஒருத்திக்கு இது நடந்தது.

"எல்லாம் ஃப்ரீ" என்றாரே, அது அந்தக் கல்லூரி கொடுக்கும் தானம் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, பொறியியலுக்கு 2021-ல். அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தர்மபுரியிலும் கட்டும், அவர் சொல்லும் கல்லூரியிலும் கட்டும். ஆனால் கவுன்சலிங் வழியாக வந்தால்தான். நேராகக் கொண்டுபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. முதல் வருஷம் வாய் திறக்க மாட்டார்கள், இரண்டாம் வருஷம் ரசீது நீட்டுவார்கள்.

148.5-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொது ரேங்க் போக, தனி ரேங்க்கும் உண்டு. அந்த வரிசையில் போட்டி வேறு மாதிரி இருக்கும். போன வருஷம் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பதும் தளத்திலேயே கிடைக்கும், உங்கள் சாதிப் பிரிவுக்கு நேரே பாருங்கள்.

முதல் பட்டதாரி விஷயத்தில் உங்கள் பயம் வீண். குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டிப்ளமோ முடித்திருந்தாலும் அது பட்டம் கிடையாது, நீங்கள் முடிக்கவும் இல்லை. இ-சேவையில் இன்றைக்கே விண்ணப்பித்து வையுங்கள். 7.5-ல் கிடைத்தால் அதற்குத் தேவை இருக்காது. பொது வரிசையில் கிடைத்தால் வருஷம் 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணம் குறையும்.

அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட்டது, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான ஏஐசிடிஇ விதியும் அதேதான். அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் கேட்டால் இழுத்தடிப்பார்கள். தங்கச்சியையும் கூட்டிப் போங்கள்.

ஏழரை:

அண்ணா, நான் 7.5-ல் வந்தவன். கோயம்புத்தூரில் தனியார் கல்லூரி, மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். வகுப்பில் எங்கள் பெயரே "ஏழரை"தான், சனி பிடித்தவன் மாதிரி. முதலில் கோபம் வந்தது, அப்புறம் நானே வாட்ஸப் பெயராக வைத்துக்கொண்டேன்.

டீச்சர் சொன்னது நிஜம். இதுவரை கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் ஒரு ரூபாய் கட்டவில்லை. ஆனால் சேர்ந்த அன்று ஆபீஸில் "இதர கட்டணம்" என்று 8,000 கேட்டார்கள். அப்பா பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். அதே வரிசையில் நின்ற இன்னொரு பையனின் மாமா அரசாணை நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சரி, அடுத்த ஆளு வாங்க" என்று எங்களையும் அனுப்பிவிட்டார்கள். அந்த நகல் ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.

முதல் செமஸ்டர் எனக்கு மூன்று அரியர், அதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாமல்தான். 'வகைக்கெழு' என்றால் தூக்கத்தில்கூடப் போடுவேன். போர்டில் 'டெரிவேட்டிவ்' என்று எழுதியபோது அது வேறு ஏதோ பாடம் என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். தமிழ்வழியில் பி.இ. என்று அண்ணா பல்கலையில் 2010-ல் ஆரம்பித்தது சிவிலும் மெக்கானிக்கலும்தான், ஈ.சி.ஈ.க்கு அதை நம்ப முடியாது. கல்லூரி திறக்கும் வரை இரண்டு மாசம் இருக்கிறது. பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் ஆங்கிலவழிப் புத்தகம் அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு நோட்டு இருந்திருந்தால் எனக்கு மூன்றும் வந்திருக்காது.

கௌரவம்:

அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சம்பளத்தைவிடக் கௌரவம் அதிகம், அதை விடுங்கள்.

உங்கள் அப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்து வையுங்கள். விண்ணப்பம் 48, பதிவு 2, மொத்தம் 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய் மட்டும்தான். எங்கள் சேர்க்கை முன்னாடியே முடிந்துவிடும், பொறியியல் பிறகுதான் வரும். அங்கே கிடைத்துவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகலாம், வருஷா வருஷம் பத்துப் பேராவது எங்களிடம் இப்படிப் போகிறார்கள். பொறியியலை மட்டும் நம்பி உட்கார்ந்து, ஆகஸ்டில் இரண்டும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைத்தான் பார்க்கச் சகிக்காது. அடுத்த தை மாசம் அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வரும்.

எங்கே சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப் பெண் பணம் மாசம் 1000 உண்டு, 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். அண்ணன் கணக்கு, அப்பா கணக்கு செல்லாது.

மொரப்பூர் வண்டி:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மகள் எட்டாவது வரை தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்ட இலவச) சீட்டில் படித்தாள். ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. அவளுக்கு 7.5 உண்டா?

சாக்பீஸ்:

உண்டு. ஆர்.டி.இ.யில் எட்டு வரை, பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு அரசுப் பள்ளி என்றால் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆர்.டி.இ.யில் படித்ததற்கான சான்றைப் பழைய பள்ளியில் இப்போதே வாங்கிவிடுங்கள், கடைசி நாளில் அலைய வேண்டாம்.

ஓவர்லாக் அண்ணன்:

டீச்சர், சான்றிதழ் மூன்றும் கைக்கு வந்துவிட்டது. ஒன்றரை ஷிஃப்ட் சம்பளம் போச்சு, போகட்டும்.

தங்கச்சியோடு நேராக அந்தக் கல்லூரி ஆபீஸுக்குப் போனேன். பத்தரைக்குப் போனவர்களை மூன்று மணி வரை உட்கார வைத்தார்கள். சேர்மன் கையெழுத்து வேண்டுமாம், அவர் வெளியூராம். அச்செடுத்த காகிதத்தைக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர் உள்ளே போய், பத்து நிமிஷத்தில் ஒரு கவரோடு வந்தார். டி.சி.யோடு ஒரு சேர்க்கை விண்ணப்பத்தையும் பின் அடித்திருந்தார்கள், அதில் தங்கச்சி கையெழுத்து. அவள் தமிழில்தான் கையெழுத்துப் போடுவாள். அதில் ஆங்கிலத்தில் சாய்வாக, ஸ்டைலாகப் போட்டிருந்தது. "யாருண்ணா இவ?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. 1000 ரூபாயையும் பையையும் மேஜையில் வைத்துவிட்டு வந்தோம். மின்னஞ்சலும் டீச்சர் சொன்ன மாதிரி அவருடையதுதான். மாற்றிவிட்டோம். 50 ரூபாய் கட்டி கலைக் கல்லூரிக்கும் போட்டாச்சு.

ஓவர்லாக் அண்ணன்:

ஜூலையில் மறுபடி வருகிறேன். சாய்ஸ் பட்டியல் நேற்று நிரப்பினோம். நான் ஐந்தாறு போதும் என்றேன், தங்கச்சி கேட்கவில்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று அவளே படித்து வைத்திருக்கிறாள். முதலில் தர்மபுரி ஈ.சி.ஈ., அடுத்து பர்கூர், சேலம், பிறகு அதே மூன்றிலும் வேறு பிரிவுகள், அதற்குக் கீழே மற்ற கல்லூரிகள் என்று 47 போட்டிருக்கிறாள். கல்லூரிகளின் கோடு நம்பரெல்லாம் காலண்டர் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றாக அப்பாவை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் சீட் போய்விடும் என்பதால் அம்மா போனை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன். ஹாஸ்டலுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஏழரை:

பக்கெட் வாங்குங்கள் அண்ணா, மூடியோடு. பெயிண்டில் பெயர் எழுதிவிடுங்கள். என்னுடையது முதல் வாரமே காணாமல் போனது.