பழைய பேக்கப் ஃபைல்கள் புதுக் கம்ப்யூட்டரில் திறக்காமல் தவித்ததுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

தாமிரபரணி

லேப்டாப்ல மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டுச் செருகினா டிரைவ் தெரியுது, என் பேர்ல இருக்கிற ஃபோல்டரைத் தொட்டா மட்டும் அனுமதி இல்லைங்குது. ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டின்னு போய்ப் பார்த்தேன். என் பேர் இருக்க வேண்டிய இடத்துல எஸ்-1-5-21ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு நம்பர். பழைய மெஷினுக்கு அந்த நம்பர்தான் நான். புதுசுக்கு அது யாருன்னே தெரியல. அட்வான்ஸ்டுல ஓனரை என் பேருக்கு மாத்தி, உள்ள இருக்கிற ஃபோல்டருக்கும் சேர்த்து டிக் போட்டேன். முக்கால் மணி நேரம் ஓடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் அப்பா பேரனைத் தோள்ல வெச்சிருக்கிற படத்தைத்தான் முதல்ல திறந்தேன். பயப்படாதீங்க, ஓனரை மாத்தினா எல்லாம் வந்துடும்.

காவேரிக்கரை

"எல்லாம் வந்துடும்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. நானும் ஓனரை மாத்தினேன். ஃபோல்டர் திறந்துச்சு, ஃபைல் திறக்கல. விண்டோஸ் 7ல "என்க்ரிப்ட்"னு, ஃபைலைப் பூட்டி வைக்க ஒரு டிக் இருக்கும், பாதுகாப்புன்னு நினைச்சுப் போட்டிருக்கேன். அன்னையிலிருந்து அந்த ஃபைல் பேரெல்லாம் பச்சை எழுத்துல தெரியும். வருஷக்கணக்கா தினமும் பார்த்த பச்சை அது. ஏன்னு ஒரு நாள்கூட யாரையும் கேட்கல. அந்தப் பூட்டைத் திறக்கிற சர்டிஃபிகேட் பழைய சி டிரைவ்ல இருந்திருக்கு, நான் காப்பி பண்ணினது ஃபைலை மட்டும். என் பொண்ணு பேசப் பழகின காலத்து ஆடியோ அத்தனையும் அதுலதான்.

யாழ் வாசகி

எனக்கு எல்லா ஃபைலும் திறந்தது, வாசிக்கத்தான் முடியேல்லை. அப்பா ஊரை விட்டு வந்த கதையை 2003இல பாமினியில தட்டி வைச்சவர். பாமினி எண்டது ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உருவத்தில காட்டுற பழைய எழுத்துரு. புதுக் கொம்பியூட்டரில பாமினி இல்லை, பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தம்பி ஃபைல் பழுதாப்போச்சு எண்டிட்டான். நான் முதல் வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முந்தி நானும் பாமினியில தட்டினனான், கண்ணுக்கு முதல் விரலுக்கு விளங்கிட்டுது: அம்மா. அப்பாவின்ர முதல் சொல்லு அது. பாமினியை இறக்கிப் போட்டவுடனே முழுக்கத் தமிழாச்சு. பிறகு எந்தக் கொம்பியூட்டரிலயும் தமிழாத் தெரியிற யூனிகோடுக்கு மாத்தி வைச்சிட்டன்.

சேலத்துக்காரர்

என் கதை சின்னது. பழைய லேப்டாப்போட எஸ்எஸ்டியைப் புதுசுல மாத்திச் செருகினதும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டுச்சு. அந்த லேப்டாப்பை முதல்ல செட் பண்ணினது என் மகள், அதனால சாவி அவ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்தது. ஃபோன்ல ஆறு ஆறு இலக்கமா அவ படிக்க, நான் அடிச்சேன்.

இதே நிலைமையில இருக்கிறவங்க வீட்ல எல்லாரோட அக்கவுண்டையும் பாருங்க. ஒரே அக்கவுண்ட்ல நாலஞ்சு சாவி கிடக்கும். திரையில காட்டுற கீ ஐடியோட (சாவியோட அடையாளக் குறி) முதல் 8 எழுத்து எதோட பொருந்துதோ அதுதான் உங்க சாவி. மேக்ல எடுத்த டிஸ்க்கை விண்டோஸ்ல செருகினா ஃபார்மட் பண்ணவான்னு கேட்கும், கேன்சல் கொடுத்துட்டு மேக் வெச்சிருக்கிற ஒருத்தரைத் தேடுங்க. தாமிரபரணி, ஓனரை மாத்துறதுக்கு முன்னாடி டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்திருக்கணும். பழைய டிஸ்க் நடுவழியில நின்னுட்டா என்ன பண்ணியிருப்பீங்க?

காவேரிக்கரை, நீங்க இன்னும் கைவிடாதீங்க. அந்தச் சர்டிஃபிகேட்டோட சாவி பழைய யூசர் ஃபோல்டருக்குள்ளதான் இருக்கும், லாகின் பாஸ்வேர்டு அதைப் பூட்டி வெச்சிருக்கும். பழைய டிஸ்க் அழியாம இருந்து பாஸ்வேர்டும் தெரிஞ்சா, டேட்டா ரெகவரி பண்றவங்களால அதை எடுக்க முடியும். அந்த டிஸ்க் எங்க இருக்கு?

காவேரிக்கரை

எக்ஸ்சேஞ்ச்ல கடைக்காரர் எடுத்துக்கிட்டார். என் கண் முன்னாடிதான் ஃபார்மட் பண்ணினார், நான்தான் பண்ணச் சொன்னேன். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கு.